கார் பெயரைச் சொல்லிப் பேரிங் கேட்காதீர்கள்: பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கான கேள்வி பதில்கள்

என்னிடம் இருப்பது 1993ஆம் ஆண்டு மாஸ்டா ஆர்எக்ஸ்-7. குடியிருப்பது பெங்களூரு அல்சூரில். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர் முகத்தில் முதலில் பொறாமை வரும், பிறகு நம் சாலைகள் ஞாபகத்துக்கு வந்து அனுதாபம் வரும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நந்தி மலை அடிவாரத்தில் டீ குடிக்க நின்றால் பழைய டொயோட்டா சுப்ராவோ எம்ஆர்2வோ வைத்திருக்கும் நம் ஆட்கள் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: “சஸ்பென்ஷன் பேரிங் எல்லாம் எங்கே வாங்குகிறீர்கள்?” பதில் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

சஸ்பென்ஷன் பேரிங் என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

பட்டறையில் அந்த ஒரே பெயரில் குறைந்தது மூன்று பொருள்கள் உலவுகின்றன. முதலாவது வீல் பேரிங். கண்டிப்பாகப் பார்த்தால் இது சஸ்பென்ஷனில் சேராது. ஆனால் சக்கரத்தைத் தாங்கி சஸ்பென்ஷனோடு இணைக்கும் துண்டான நக்கிளைக் கழற்றும்போது இதையும் பார்த்துவிடுவது வழக்கம் என்பதால் எல்லோரும் சேர்த்தே பேசுகிறார்கள்.

இரண்டாவது, ஸ்ட்ரட்டின், அதாவது ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் சேர்த்த தூணின், தலையில் உட்காரும் பேரிங். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங்கும் ஸ்ட்ரட்டும் சேர்ந்து சுழல இது இடம் கொடுக்கிறது. எம்ஆர்2வில் நான்கு மூலையிலும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் இருந்தாலும், திரும்புவது முன் சக்கரங்கள் மட்டும்தான். ஆகவே இந்தக் கவலையும் முன்பக்கத்தோடு நின்றுவிடும். ஆர்எக்ஸ்-7இன் கடைசித் தலைமுறையான எஃப்டியில் நான்கு மூலையும் டபுள் விஷ்போன், அதாவது சக்கரத்தை மேலும் கீழும் கைகள் பிடித்திருக்கும் அமைப்பு. அங்கே இந்தப் பேரிங்கே கிடையாது.

மூன்றாவதுதான் தூக்கத்தைக் கெடுப்பது: பில்லோ பால். சஸ்பென்ஷன் மூட்டில் ரப்பர் புஷ் (அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையம்) இருக்க வேண்டிய இடத்தில், உருண்டையான எஃகு மணி ஒன்று ஒரு கிண்ணத்துக்குள் எல்லாத் திசையிலும் அசையும்படி வைத்திருப்பார்கள். பொறியாளர்கள் ஸ்பெரிக்கல் பேரிங் என்பார்கள், பந்தயக்காரர்கள் யூனிபால் என்பார்கள். எஃப்டியின் பின் சஸ்பென்ஷன் லிங்குகளில் (சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கைகள்) இது வருகிறது. ரப்பரைப் போல நசுங்காததால் சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று வடிவமைத்தார்களோ அந்தக் கோணத்திலேயே நிற்கும். தேய்ந்துவிட்டால் சத்தத்தை அடக்குவதற்கும் அங்கே ரப்பர் இல்லை.

நிஸான் 300இசட்எக்ஸ், ஆர்32 ஸ்கைலைன்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி உண்டு. பல லிங்குகள் சேர்ந்த முன்பக்க மல்டிலிங்க் அமைப்பில் மூன்றாவது லிங்க் என்று ஒன்று இருக்கிறது. அது நக்கிளோடு சேரும் இடத்திலும் பேரிங் இருக்கிறது. பலர் வீல் பேரிங்கை மாற்றிய பிறகும் ஆட்டம் போகவில்லையே என்று தவிப்பது இதனால்தான்.

சத்தம் வருகிறது. எது போயிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வேகத்தோடு சேர்ந்து கூடும் ‘ஊம்’ என்ற முனகல் வீல் பேரிங். இடது வளைவில் முனகல் கூடினால் எடை வலது பக்கம் போகிறது என்று பொருள், ஆகவே சந்தேகம் வலது பக்கத்தின் மேல். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ‘டங்’ என்று ஸ்பிரிங் துள்ளினாலோ, வளைவு முடிந்த பிறகும் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பத் தயங்கினாலோ ஸ்ட்ரட் தலைப் பேரிங்கைப் பாருங்கள். மெதுவாக ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்னாலிருந்து ‘டக், டக்’ என்று உலர்ந்த சத்தம் வந்து, வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டியின் வால் லேசாக ஒதுங்கினால் அது பில்லோ பால். பெங்களூரில் வேகத்தடைக்குப் பஞ்சமில்லை என்பதால் இந்தச் சோதனைக்குத் தனியாக எங்கும் போக வேண்டியதில்லை.

ஜாக் போட்டு, அடியில் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். பிறகு இடமும் வலமும். இன்னொருவர் டார்ச் அடித்து எந்த இணைப்பு அசைகிறது என்று பார்க்கட்டும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஸ்பிரிங்கின் மேல் கை வைத்தால், மோசமான வீல் பேரிங்கின் நறநறப்பு விரலுக்கே தெரியும். காதை நம்புவதைவிட விரலை நம்பலாம். சத்தம் உடல் தகடு வழியாகப் பயணம் செய்து வேறெங்கோ கேட்கும்.

கடையில் கார் பெயரைச் சொன்னாலே சிரிக்கிறார்கள். என்ன செய்வது?

பெயரைச் சொல்லாதீர்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

கார் வாங்கிய முதல் ஆண்டில் ஜே.சி. ரோட்டில் கடை கடையாக ஏறி “மாஸ்டா ஆர்எக்ஸ்-7 பின் வீல் பேரிங் இருக்கிறதா?” என்று கேட்டேன். பாதிப் பேர் மாஸ்டாவை லாரி என்று நினைத்தார்கள். ஒருவர் பஜாஜ் ஆர்எக்ஸா, யமஹா ஆர்எக்ஸா என்று கேட்டார். கடைசியாக எஸ்.ஜே.பி. ரோட்டில், மோட்டாருக்கும் பம்புக்கும் பேரிங் விற்கும் ஒரு சின்னக் கடை. கல்லாவில் இருந்தவர் திருப்பத்தூர் பக்கத்துக்காரர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் என் காரின் குலம் கோத்திரம் எல்லாம் ஒப்பித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, அது எந்தக் காராக இருந்தால் எனக்கென்ன? பேரிங்குக்குத் தான் எந்த வண்டியில் இருக்கிறோம் என்று தெரியாது. எண்ணைச் சொல்லுங்கள், இல்லையென்றால் அளவைச் சொல்லுங்கள்” என்றார்.

விஷயம் அவ்வளவுதான். ஜப்பானியக் கார்க் கம்பெனிகள் பெரும்பாலும் பேரிங் செய்வதில்லை. என்எஸ்கே, என்டிஎன், கோயோ, நாச்சி போன்ற பேரிங் கம்பெனிகளிடம் வாங்கித் தங்கள் டப்பாவில் போட்டு, தங்கள் எண்ணை ஒட்டுகிறார்கள். கார் அபூர்வம், அதனால் டப்பாவும் அபூர்வம். உள்ளே இருக்கும் பொருள் பல நேரங்களில் ஏதோ ஒரு சாதாரணக் குடும்பக் காரிலும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கடைக்காரர் அன்றைக்கு எனக்குப் பேரிங் விற்கவில்லை, என் கையில் எண் இல்லையே. இரண்டு வாரம் கழித்து எண்ணோடு போனபோது, ஏணியில் ஏறி மூன்றாவது தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அந்த எண்ணை எப்படிப் படிப்பது?

பேரிங்கின் வளையத்தின் பக்கவாட்டில் பொறித்திருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் கண்ணுக்குத் தப்பியதும் தெரியும்.

சாதாரண ஒற்றை வரிசை பால் பேரிங்கில் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள் துளையின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 6205 என்றால் 25 மி.மீ. வெளி விட்டம் 52, அகலம் 15. 6206 என்றால் 30, 62, 16. இந்தப் பெருக்கல் 04இலிருந்துதான் செல்லும். அதற்குக் கீழே 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17 என்று மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

காரின் வீல் பேரிங் பெரும்பாலும் இரட்டை வரிசை. அதில் ‘டிஏசி’ என்ற எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு நீண்ட எண் வந்தால் கொண்டாடலாம். அளவையே பெயராக வைத்திருக்கிறார்கள். டிஏசி 35650035 என்றால் துளை 35, வெளி விட்டம் 65, அகலம் 35. கடைசியில் ‘36/33’ போல இரண்டு அகலம் இருந்தால் உள் வளையமும் வெளி வளையமும் வெவ்வேறு அகலம். இதைக் கவனிக்காமல் விட்டால் சக்கரம் மாட்டும் நடுப்பகுதியான ஹப் மூன்று மில்லிமீட்டர் தள்ளி உட்காரும், பிரேக் டிஸ்க் தன்னைக் கவ்வும் கேலிப்பரோடு சண்டை போடும். என்எஸ்கே தன் வழியில் 38பிடபிள்யூடி என்பதுபோல எழுதும். முதல் இரண்டு இலக்கம் துளை, மற்றதற்கு அவர்களுடைய அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

ஏஇ86 கொரோலா, டட்ஸன் 240இசட் போன்றவற்றின் முன் சக்கரத்தில் டேப்பர் ரோலர் (கூம்பு வடிவப் பேரிங்) இரண்டு இருக்கும், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. டேப்பரில் அங்குல அளவும் உண்டு. எல்எம்11949/10 என்று பார்த்தால் துளை 19.05 மி.மீ., அதாவது முக்கால் அங்குலம். கூம்பு என்னும் உள் பகுதிக்கு ஒரு எண், கிண்ணம் என்னும் வெளி வளையத்துக்கு ஒரு எண். இரண்டையும் சேர்த்தே எழுதிக்கொண்டு போங்கள்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளை அலட்சியம் செய்யாதீர்கள். இசட்இசட் என்றால் இரு பக்கமும் தகர மூடி. ரப்பர் சீலை ஆளுக்கொரு பெயரில் அழைக்கிறார்கள்: எஸ்கேஎஃப் 2ஆர்எஸ் என்கிறது, என்எஸ்கே டிடியு, என்டிஎன் எல்எல்யு. சி3 என்றால் உள்ளே வழக்கத்தைவிடச் சற்று அதிக இடைவெளி. கடையில் “எல்லாம் ஒன்றுதான் சார்” என்பார்கள். மழைத் தண்ணீர் தேங்கும் ஊரில் தகர மூடியும் ரப்பர் சீலும் ஒன்றாகாது.

எண் தேய்ந்துபோய்விட்டது. அளந்தே வாங்கலாமா?

வாங்கலாம். துளை, வெளி விட்டம், இரு வளையங்களின் அகலம் ஆகிய நான்கையும் அளந்து எழுதுங்கள். வெர்னியர் போதும். பேரிங் அளவுகள் பெரும்பாலும் முழு மில்லிமீட்டரிலோ தெரிந்த அங்குல அளவிலோ வரும், ஆகவே 64.96 என்று காட்டினால் அது 65. ஆனால் பேரிங் உட்காரும் குழியை அளக்க வெர்னியர் உதவாது. அங்கே இறுக்கம் நூறில் சில பங்கு மில்லிமீட்டர்தான், சாதாரண வெர்னியர் காட்டும் மிகச் சிறிய அளவே 0.02. குழியை அளக்க உள் மைக்ரோமீட்டரோ போர் கேஜோ உள்ள லேத் பட்டறைக்குப் போங்கள். தொழிற்பேட்டையான பீன்யாவில் தெருவுக்குப் பத்து இருக்கின்றன.

பில்லோ பால் கேட்டேன். கையில் ஒரு இரும்பு ஸ்டாண்டைக் கொடுத்தார்கள்!

எனக்கும் கொடுத்தார்கள். அது பில்லோ பிளாக். மாவு மில், கன்வேயர் போன்றவற்றின் தண்டைத் தாங்கும், கால் வைத்த பேரிங். யுசிபி 205 என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பார்கள், அவ்வளவு புழக்கம். பில்லோ பால் என்ற சொல் இங்கே கடைத்தெருவில் இல்லை. “ஸ்பெரிக்கல் பிளெயின் பேரிங், ஜிஇ சீரிஸ்” என்று கேளுங்கள்.

அப்படியானால் அந்த ஜிஇ பேரிங்கையே காரில் போட்டுவிடலாமா? அசலைவிட எவ்வளவோ மலிவு.

இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் அதிகம் செலவழித்தேன், பணத்தையும் சனிக்கிழமைகளையும்.

ஜிஇ 20 இஎஸ் என்றால் துளை 20, வெளி விட்டம் 35, உள் வளையத்தின் அகலம் 16, வெளி வளையத்தின் அகலம் 12. பொக்லைன் கைகளிலும் ஹைட்ராலிக் சிலிண்டர் முனைகளிலும் வருவது. பலத்துக்குக் குறைவில்லை. ஆனால் இது எஃகின் மேல் எஃகு உரசும் வகை. அவ்வப்போது கிரீஸ் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பொக்லைனில் கிரீஸ் நிப்பிள் இருக்கிறது, அதில் கிரீஸ் ஏற்ற ஓர் ஆளும் இருக்கிறார். உங்கள் காரின் லிங்கில் நிப்பிள் இல்லை. எனவே உள்ளே டெஃப்லான் பூச்சுள்ள, கிரீஸ் வேண்டாத வகையைத்தான் கேட்க வேண்டும், அதிலும் இரு பக்கமும் சீல் உள்ளதை. விலை அங்கேயே ஒரு படி ஏறிவிடும்.

அடுத்தது அளவு. லிங்கின் குழி பேரிங்கைவிடப் பெரிதாக இருந்தால் லேத்தில் ஸ்லீவ் கடைந்து இடைவெளியை நிரப்பலாம் என்பார்கள். நிரப்பலாம், ஸ்லீவின் சுவர் இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாதவரை. அரை மில்லிமீட்டர் சுவருள்ள ஸ்லீவ் கடைந்து தருகிறேன் என்று சொல்லும் டர்னரின் திறமையைப் பாராட்டிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். துளை பெரிதாக, போல்ட் சிறிதாக இருந்தால் அதற்கும் ஒரு ஸ்லீவ். ஆக ஒரு மூட்டில் இரண்டு கூடுதல் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு நாள் ஆடத் தொடங்கக்கூடிய இடம். பேரிங் பக்கவாட்டில் நழுவாமல் நிறுத்தும் வளையமான சர்க்ளிப் எங்கே உட்காரும் என்பதையும் முதலிலேயே யோசித்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல், தூசி. அசல் பில்லோ பாலின் இரு பக்கமும் ரப்பர் பூட் ஒன்று மூடியிருக்கும். பேரிங்கின் ஆயுள் எஃகில் இல்லை, அந்த ரப்பரில் இருக்கிறது. என் காரில் செத்துப்போன பேரிங் ஒவ்வொன்றிலும் முதலில் செத்தது பூட்தான். பந்தயத்துக்கு விற்கும் மூடியில்லாத யூனிபாலை வாங்கி மாட்டி, கூர்மையான கையாளுகையைப் புகழ்ந்துகொண்டிருந்த ஒரு நண்பர் அந்த ஆண்டு மழைக்காலம் முடிந்ததும் காரை மாட்டுவண்டிபோல ஓட்டிக்கொண்டு வந்தார்.

நான் கடைசியில் வந்து நின்ற இடம் இது: வீல் பேரிங், டேப்பர் ரோலர் போன்றவற்றை உள்ளூர்க் கடையில் எண்ணைச் சொல்லி வாங்குகிறேன். பூட் சேர்ந்த பில்லோ பாலை மட்டும் காசு போனாலும் பரவாயில்லை என்று அசலாக வரவழைக்கிறேன்.

பில்லோ பாலை எடுத்துவிட்டு பாலியூரிதேன் புஷ் அடிக்கலாமா?

ஒரே அச்சில் மட்டும் மேலும் கீழும் ஆடும் கைக்கு பாலியூரிதேன் சரி. ஆனால் பில்லோ பால் வைத்த இடத்தில் லிங்க் பொதுவாக முறுக்கிக்கொள்ளவும் செய்யும், அதற்காகத்தானே உருண்டையை வைத்தார்கள்? அங்கே கெட்டியான புஷ்ஷை அடைத்தால் சஸ்பென்ஷன் விறைத்துக்கொள்ளும், இழுபறி லிங்குக்கும் போல்ட்டுக்கும் போகும். வேண்டாம்.

ஜப்பானிலிருந்து வரவழைக்க என்ன தெரிந்திருக்க வேண்டும்?

முதலில் உங்கள் சேசிஸ் எண். ஜப்பான் சந்தைக்கான கார்களில் பதினேழு இலக்க எண் இருக்காது. எஃப்டி3எஸ் என்று தொடங்கி, ஒரு கோடு போட்டு, வரிசை எண் இருக்கும். அதை வைத்துத்தான் உதிரிபாகப் பட்டியலில் உங்கள் காருக்கான பக்கம் திறக்கும். பட்டியலில் கார் கிடைக்கவில்லையே என்று பதறாதீர்கள். தொண்ணூறுகளின் முற்பாதியில் ஜப்பானில் இந்தக் கார் மாஸ்டா என்ற பெயரில் அல்ல, அன்ஃபினி என்ற பெயரில் விற்பனையானது.

பிறகு எண்ணின் இலக்கணம். மாஸ்டாவில் முதல் நான்கு எழுத்துகள் அந்தப் பாகம் எந்தக் காருக்காகப் பிறந்தது என்று சொல்லும். நடுவில் வரும் இரண்டு இலக்கம் பிரிவு: 33 முன் அச்சு, 34 முன் சஸ்பென்ஷன், 26 பின் அச்சு, 28 பின் சஸ்பென்ஷன். ஆக எஃப்டி01-28 என்று தொடங்கினால் எஃப்டிக்காகவே செய்த பின் சஸ்பென்ஷன் பொருள். வேறு எழுத்துகளில் தொடங்கினால் மகிழ்ச்சி அடையுங்கள். அது வேறொரு மாஸ்டாவிலிருந்து கடன் வாங்கியது, கிடைப்பதற்கு வாய்ப்பு அதிகம். கடைசியில் ஏ, பி, சி என்று மாறும் எழுத்து திருத்தப் பதிப்பு. பழைய எழுத்தைக் கேட்டால் புதியதை அனுப்புவார்கள், சண்டைக்குப் போகாதீர்கள்.

நிஸானில் 40210 என்று தொடங்கினால் முன் வீல் பேரிங், 43210 பின் வீல் பேரிங், 54325 ஸ்ட்ரட் தலைப் பேரிங். டொயோட்டாவில் பேரிங்குகள் பெரும்பாலும் 9036 என்று தொடங்கும். முன் ஸ்ட்ரட் மவுண்ட் 48609.

அமயாமா போன்ற இணையக் கடைகளில் இந்த எண்ணைப் போட்டால் ஜப்பானிலோ துபாய்ப் பக்கமோ இருப்பு உண்டா, உற்பத்தி நின்றுவிட்டதா என்று தெரிந்துவிடும். நின்றுவிட்டது என்று வந்தாலும் ஒரு முறை பழைய கார்களுக்கான திட்டங்களைப் பாருங்கள். நிஸான் 2017இல் ஆர்32 ஜிடி-ஆரில் தொடங்கி நிஸ்மோ ஹெரிடேஜ் என்ற பெயரில் பாகங்களை மறுபடி செய்கிறது. டொயோட்டா 2020 முதல் ஜிஆர் ஹெரிடேஜ் என்று ஏ70, ஏ80 சுப்ராக்களில் ஆரம்பித்துப் பிறகு ஏஇ86க்கும் வந்தது. மாஸ்டாவும் முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்கு, அதாவது எம்எக்ஸ்-5க்கு, செய்ததை ஆர்எக்ஸ்-7க்கு நீட்டியிருக்கிறது. பட்டியல் அவ்வப்போது வளர்கிறது. போன ஆண்டு இல்லாதது இந்த ஆண்டு இருக்கலாம்.

ரோட்ஸ்டர்காரர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இன் முன் சக்கரத்தில் பேரிங் தனியாக விற்கும் பொருள் அல்ல, ஹப்போடு சேர்ந்த ஒரே துண்டு. பின்பக்கம் மட்டும்தான் அழுத்தி மாட்டும் தனிப் பேரிங். முன் பேரிங் தேடிக் கடைத்தெருவில் அலைய வேண்டாம்.

சுங்கத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க?

கூரியர் கம்பெனி கேட்கும் அடையாள ஆவணங்களை உடனே கொடுங்கள், பாதித் தாமதம் அங்கேதான். இன்வாய்ஸில் ‘கார் பாகம்’ என்று பொதுவாக எழுதாமல், பொருள் என்ன என்று விற்பவரைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். பால், ரோலர் பேரிங்குகள் சுங்க அட்டவணையில் 8482ஆம் தலைப்பில் வருகின்றன, வண்டி உதிரிபாகங்களின் தலைப்பு 8708. இரண்டுக்கும் வரி ஒன்றல்ல. பில்லோ பால் உருளும் பேரிங் அல்ல என்பதால் அதை 8482இல் எழுதினால் கேள்வி வரும். ‘பரிசு’ என்று எழுதச் சொல்வது பொய். தவிரவும் ஏழு கிலோ எடையில் யாரும் யாருக்கும் இரும்புப் பரிசு அனுப்புவதில்லை என்று அதிகாரிகளுக்குத் தெரியும். துண்டு துண்டாக வரவழைக்காமல் ஒரே பெட்டியில் வாங்குங்கள். என் முதல் பில்லில் பேரிங்கைவிடக் கூரியர் கட்டணம் அதிகம்.

சிங்கப்பூரிலிருந்து மச்சான் வருகிறார் என்றால் பெட்டியில் போட்டுக்கொண்டு வரச் சொல்லலாம். கைப்பையில் வேண்டாம். எக்ஸ்ரேயில் உருண்டை உருண்டையாகத் தெரிவதற்கு அவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரும். பில் அவர் கையில் இருக்கட்டும்.

சிவாஜிநகர் குஜரியிலோ (பழைய இரும்புச் சந்தை) சென்னை புதுப்பேட்டையிலோ பழையது கிடைக்குமா?

பேரிங்கைப் பழையதாக வாங்காதீர்கள். லிங்க், நக்கிள், ஹப் போன்றவற்றைத் தாராளமாக வாங்கலாம்.

போலிப் பேரிங்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

டப்பாவை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இப்போது டப்பாவைத்தான் அசலைவிட அழகாக அச்சடிக்கிறார்கள். பேரிங்கில் உள்ள எழுத்து சீராக, நேராகப் பொறித்திருக்கிறதா, டப்பாவில் உள்ள எண்ணின் கடைசி எழுத்துவரை பேரிங்கிலும் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்கேஎஃப் போன்ற சில கம்பெனிகள் படம் எடுத்து அனுப்பிச் சரிபார்க்கச் செயலி வைத்திருக்கின்றன. இதையெல்லாம்விட எளிய வழி, ஜிஎஸ்டி பில் கேட்பது. “பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன்” என்ற வாக்கியம் வந்தால் கிளம்பிவிடுங்கள்.

ஜப்பானியக் காருக்கு ஜப்பானியப் பேரிங்தான் போட வேண்டுமா?

இல்லை. பொம்மசந்திராவில் எஸ்கேஎஃப் தொழிற்சாலை இருக்கிறது, ஜெய்ப்பூரின் என்பிசி 1946இல் தொடங்கிய கம்பெனி. அளவும் சீலும் பொருந்தினால் நான் தயங்குவதில்லை. பழைய பேரிங்கில் கோயோ என்று இருந்து, புதிய டப்பாவில் ஜேடெக்ட் என்று இருந்தால் குழம்ப வேண்டாம். கோயோ 2006இல் இன்னொரு கம்பெனியோடு இணைந்து அந்தப் பெயருக்கு வந்தது.

ஜப்பானில் முப்பது ஆண்டு கிடங்கில் கிடந்த ‘புதிய’ பேரிங்கை மட்டும் யோசித்து வாங்குங்கள். எஃகு கெடாது, உள்ளே இருக்கும் கிரீஸ் இறுகிப்போகும். திறந்த வகை என்றால் கழுவிப் புது கிரீஸ் வைக்கலாம். சீல் வைத்தது என்றால் ஒன்றும் செய்ய முடியாது.

யாரிடம் கொடுத்து மாட்டுவது?

பேரிங் வாங்குவதைவிட இது கஷ்டம். முதல் முறை ஒரு பட்டறையில், பெயர் வேண்டாம், பேரிங்கை அழுத்தி ஏற்றும் பிரஸ் இருக்கிறது என்று சொன்னதை நம்பிக் காரை விட்டுவிட்டு வந்தேன். மாலையில் போனபோது கையில் சுத்தியலும் பழைய ஸ்பார்க் பிளக் சாக்கெட்டும் வைத்திருந்தார்கள். புதுப் பேரிங் உட்கார்ந்திருந்தது. நாற்பது கிலோமீட்டரில் முனக ஆரம்பித்தது.

என்ன நடந்தது என்று பிறகு புரிந்தது. குழிக்குள் பேரிங்கை இறக்கும்போது வெளி வளையத்தை மட்டும்தான் அழுத்த வேண்டும். தண்டின் மேல் ஏற்றும்போது உள் வளையத்தை மட்டும். மாற்றி அழுத்தினால் அத்தனை பாரமும் குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழும். பேரிங் பிறந்த அன்றே கிழடாகிவிடும்.

இப்போது நக்கிளையும் லிங்குகளையும் நானே கழற்றி, துடைத்து, பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகிறேன். காரைக் கொண்டுபோவதில்லை. இருபது டன் ஹைட்ராலிக் பிரஸ் உள்ள ஒரு பட்டறை பீன்யாவில் இருக்கிறது. ஓசூரிலிருந்து வரும் ஒரு ஃபிட்டர் அண்ணன் அங்கே வேலை செய்கிறார். பேரிங்கை முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். வீட்டில் கேட்டால் மீன் என்று சொல்வதில் இப்போது பயனில்லை, கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் நக்கிளை நூறு டிகிரி அளவுக்குச் சூடாக்குவார். பேரிங் சுருங்கியிருக்கும், குழி விரிந்திருக்கும், பிரஸ் பாதி வேலைதான் செய்யும். அலுமினிய லிங்க் என்றால் தீ நாக்கை நேராகக் காட்ட விடாதீர்கள், ஹாட் ஏர் கன் போதும். அழுத்துவதற்கு முன் சர்க்ளிப்பை எடுத்தாயிற்றா என்று இரண்டு முறை கேளுங்கள். அண்ணன் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

இன்னொன்று: இரட்டை வரிசை வீல் பேரிங்கிலிருந்து ஹப்பைப் பிரிக்கும்போது பழைய பேரிங் உடைந்துதான் வரும். புதியது கையில் இல்லாமல் பிரித்தால் கார் ஸ்டாண்டின் மேல்தான் நிற்கும், ஜப்பான் பெட்டி வரும்வரை. என் கார் ஒரு தீபாவளியிலிருந்து பொங்கல்வரை அப்படி நின்றது.

ஒரு பக்கம் மட்டும் மாற்றலாமா?

வீல் பேரிங் என்றால் மாற்றலாம். பில்லோ பாலும் ஸ்ட்ரட் தலைப் பேரிங்கும் என்றால் இரு பக்கமும் மாற்றுங்கள், மறுபக்கமும் அதே வயதுதான்.

மாட்டிய பிறகு வேறு வேலை உண்டா?

வீல் அலைன்மெண்ட் கட்டாயம். பின் சக்கரம் உள்ளோ வெளியோ பார்க்கும் கோணத்தை நிறுத்தும் டோ லிங்கைத் தொட்டுவிட்டு அலைன்மெண்ட் செய்யாமல் ஓட்டினால், வால் எந்தப் பக்கம் போகும் என்று உங்களுக்கும் தெரியாது, பின்னால் வரும் ஆட்டோக்காரருக்கும் தெரியாது. கழற்றுவதற்கு முன், அந்தக் கோணத்தைச் சரிசெய்யும் கேம் போல்ட்டின் நிலையைப் பெயிண்ட்டால் குறித்து வைத்தால் பட்டறைவரை ஓட்டிப் போகும் அளவுக்கு நேராக வரும். அதே கையில் ரப்பர் புஷ்ஷும் இருந்தால் அதன் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்காதீர்கள். கார் தரையில், தன் எடையில் நிற்கும்போது இறுக்குங்கள். இல்லையென்றால் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

கழற்றிய பழைய பேரிங்கைத் தூக்கி எறிந்துவிடலாமா?

எறியாதீர்கள். முதலில் எண்ணைப் படம் எடுத்து, எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள். பிறகு வெளி வளையத்தைத் தனியாகப் பிரித்து, அதன் வெளிப்புறத்தைக் கிரைண்டரில் மெல்லிய அளவு தேயுங்கள், குழிக்குள் போனாலும் சிக்காமல் திரும்பி வரும் அளவுக்கு. அடுத்த முறை புதுப் பேரிங்கை அழுத்துவதற்கு இதைவிடச் சரியான கருவியை யாரும் உங்களுக்குச் செய்துதர முடியாது. என் பழைய வளையம் இப்போது பீன்யா அண்ணனின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. திருப்பிக் கேட்டால் தரமாட்டேன் என்கிறார்.